ஏறக்குறைய மாப்பிள்ளை

மணமேடையிலிருந்து எழுந்து ஓடிவந்த விமலன், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாலையில் தங்கையின் காரைத் தேடிக்கொண்டிருந்தான். மூன்று முடிச்சையும் அவனே போட்டால் கல்யாணம் ஏறக்குறையத்தான் நடக்கும். அது இரு வீட்டாருக்கும் தெரிந்த விஷயம்.

"வாணி, எங்க இருக்க?"

"கிள்ளான்லேர்ந்து அப்பவே கெளம்பிட்டேண்ணே. ஃபெடரல் ஹைவேல ஜாம். வந்துடுறேன் லா."

போன வருடம் டியூஷன் வகுப்பில் விமலன் 'இஷ்' என்ற ஆங்கில விகுதியின் பூர்வீகத்தை நடத்தினான். இன்ன நாட்டார், இன்ன இனத்தார் என்று அடித்துச் சொல்லப் பிறந்தது அது. இங்கிலீஷ், டேனிஷ் எல்லாம் அந்த வம்சம். பிறகு 'போல' என்று இறங்கிச் சைல்டிஷ் ஆனது, நிறத்தில் ஒட்டி ரெடிஷ் ஆனது, கடைசியில் கடிகாரத்திலும் ஒட்டிச் செவனிஷ், அதாவது ஏறக்குறைய ஏழு மணி, ஆனது என்று அவன் எழுதி முடித்ததும், விகுதி பலகையை விட்டிறங்கி மார்க்கர் வழியாக அவன் கையில் ஏறிக்கொண்டது. அன்று மாலை அவன் கலக்கியது ஏறக்குறைய டீ. அவன் அடித்த ஆணி ஏறக்குறைய சுவரில் இருந்தது. காலண்டர் ஒரு விரற்கடை தள்ளிக் காற்றில் தொங்கியது. அவன் கார் ஏறக்குறைய பார்க்கிங்கில் நின்றதால், சம்மன் எழுத வந்தவர் பாதி எழுதிவிட்டு யோசித்துக்கொண்டே போய்விட்டார்.

பெண் வீட்டார் பயந்தார்கள். மணப்பெண் ஷாமினியின் தாய்மாமா தம்புசாமிதான் வழி சொன்னார். "மொத முடிச்சுதானே மாப்பிள்ள போடுறாரு? மத்த ரெண்டும் நாத்தனார் முடிச்சு. அந்தப் பொண்ணு இறுக்கிட்டா கெட்டியா நிக்கும்."

இப்போது அந்த நாத்தனாரைத்தான் காணோம். முகூர்த்தம் தாண்டப்போகிறது என்று ஐயர் ஆள் அனுப்பினார். விமலன் ஓடிப்போய் உட்கார்ந்தான். கெட்டிமேளம் முழங்கியது, மஞ்சள் அரிசி கண்ணில் விழுந்தது. ஷாமினியின் கழுத்தில் ஒரு முடிச்சைப் போட்டவன், அடுத்ததற்குக் கை வராமல் திணறினான். மாலைக்கும் பூவுக்கும் அடியிலிருந்து விரல்கள் வந்து கயிற்றைப் பிடுங்கின. இரண்டு முடிச்சுகளைச் சரக்கென்று இறுக்கின. வாணி வந்துவிட்டாள் என்று விமலன் மூச்சு விட்டான்.

வருடங்கள் ஓடின. இருவரும் குடிபோன செராஸ் வீட்டிலும் காலண்டர் காற்றில்தான் தொங்கியது. அவன் நட்ட கறிவேப்பிலைச் செடி சில நாள் பக்கத்து வீட்டில் நின்றது, அவர்களும் பறித்துக்கொண்டார்கள். கல்யாணம் மட்டும் இம்மியும் அசையவில்லை.

ஒரு தீபாவளிக்கு வந்த வாணி, முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கி நான் மண்டபத்துல நொழையுறப்ப மேளமே நின்னுபோச்சுண்ணே. திட்டுவீங்கன்னு வாயத் தொறக்கல."

விமலன் மெல்ல மனைவி பக்கம் திரும்பினான். "அப்ப அந்த ரெண்டு முடிச்சு?"

ஷாமினி டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"கையப் பின்னால விட்டு நான்தான் போட்டேன். ஒங்க தங்கச்சிக்காகக் காத்திருந்தா, இன்னிக்கி வரைக்கும் நான் ஏறக்குறைய பொண்டாட்டி."