இரண்டாம் சனிக்கிழமை

சார்டின் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையின் அலுவலக அறையில், செப்டம்பர் பிறந்த மறுநாள் காலை, ஊழியப் பெண் ஒருத்தி நாற்காலி மேல் ஏறி நின்று தெர்மாகோல் பனிமனிதனைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தாள். வெளியே தகரக் கூரைகளை வெயில் வறுத்துக்கொண்டிருந்தது. சான் தெல்மோவில் பனியைக் கண்டவர் யாருமில்லை. மீன் மேல் கொட்டுகிற ஐஸைத்தான் கண்டிருக்கிறார்கள். ஆனாலும் மாதத்தின் பெயர் 'பெர்' என்று முடியத் தொடங்கிவிட்டால் அந்த ஊருக்குக் கிறிஸ்துமஸ் வந்துவிடும். ஜீப்னி வண்டி ஓட்டுநர் பழைய பாட்டை நிறுத்திவிட்டு மணியோசைப் பாட்டைப் போட்டுவிடுவார். ஆகஸ்ட் வரை ஒருவரையொருவர் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தவர்கள், விருந்துக் கமிட்டி அமைத்து அதற்குள் உட்கார்ந்து கரித்துக்கொட்டத் தொடங்குவார்கள்.

கிளாரிட்டா மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். மேஜைக்குப் பின்னால் ஜோசெலின். போன வருடம் வரை லேபிள் ஒட்டும் பிரிவில் கண்காணிப்பாளர். இப்போது மனிதவள மேலாளர். மேஜை மேல் அதற்கொரு பலகை. அதன் பக்கத்தில் 'கிறிஸ்துமஸ் கொண்டாட்டச் செயற்குழு ஒருங்கிணைப்புத் தலைவர்' என்று இன்னொரு பலகை. இரண்டு பலகைக்கும் நடுவில் முகம் தெரிய வேண்டுமென்பதற்காக அவள் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"டிசம்பர் ரெண்டாவது சனிக்கிழமை. எப்பவும் போல நாங்கதான் மேடம்," என்றாள் கிளாரிட்டா.

"நாங்கன்னா யாரு?"

"நாங்கதான். போட்டோ பூத்."

"உங்க வீட்டுக்காரர் காலையில மெசேஜ் போட்டிருந்தாரு. அன்னைக்குக் கவுன்சிலர் வீட்டு விருந்தாம், வர முடியாதாம். நீங்க வரேங்கிறீங்க. உங்க வீட்டுல முதல்ல பேசிக்கிட்டு வாங்களேன்."

வீட்டில் பேசிக்கொள்வதற்கு அவர்களுக்கு வீடு ஒன்றாக இல்லை. கிளாரிட்டாவும் விர்ஜிலியோவும் பிரிந்து மூன்றாம் கிறிஸ்துமஸ் வரப்போகிறது. அந்த நாட்டுச் சட்டத்தில் விவாகரத்து இல்லை, அது புருஷன் பெண்டாட்டியைப் பிரித்துவைக்காது. அதனால் அவர்கள் சாமான்களைப் பிரித்துக்கொண்டார்கள். கேமராவும் விளக்குகளும் அவனுக்கு. பிரிண்டரும், பின்னால் தொங்கவிடும் ஜிகினாத் திரையும், தொப்பி மீசைப் பெட்டியும் அவளுக்கு. படம் எடுக்க அவன் வேண்டும், கையில் கொடுக்க அவள் வேண்டும். ஆகவே வருடம் முழுவதும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள், டிசம்பர் வந்தால் ஒரே மாதிரி பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்து, தங்களுக்குள் முறைத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

அந்த டிசம்பரிலும் இரண்டாம் சனிக்கிழமைதான் உயிர்நாடி. முதல் சனிக்கிழமை யார் கையிலும் போனஸ் வந்திருக்காது. மூன்றாவதற்குள் தேவாலயத்தில் விடியற்காலைப் பூசைகள் தொடங்கி ஊரே தூக்கக் கலக்கத்தில் இருக்கும். ஊரிலுள்ள அத்தனை விருந்தும் நடுவிலுள்ள அந்த ஒரு சனிக்கிழமையில்தான் வந்து முட்டிக்கொள்ளும். அந்த நாளை மீன் ஆலை கொடுத்தால், ஆலைக்காரர்களின் கல்யாணம், ஞானஸ்நானம், பிள்ளைகளின் பட்டமளிப்பு என்று வருடம் முழுக்க வேலை பின்னாலேயே வரும். ஆலை கைவிட்டால் பூத்தைச் சுருட்டிவைத்துவிட்டு அவளும் லேபிள் ஒட்டப் போகவேண்டியதுதான், அதுவும் ஜோசெலினிடம் கேட்டு.

"இன்னொரு விஷயம்," என்று ஜோசெலின் குரலைத் தணித்தாள். தணித்த குரல் இன்னும் கூர்மையாக இருந்தது. "போன வருஷப் படத்துல முன்னாடி உட்கார்ந்த மேனேஜருங்க மட்டும்தான் தெரிஞ்சாங்க. பின்வரிசை முழுக்கப் புகை. மீன் கழுவுற பொண்ணுங்க என்கிட்ட வந்து சண்டை போட்டாங்க. உங்க வீட்டுக்காரர்கிட்டக் கேட்டா, அது கலைங்கிறாரு. டிவினாவோட சுத்துற மிஷின் இருக்கு. மேல ஏறி நின்னா போதும், கேமராவே சுத்திச் சுத்தி எடுக்குது. அவ நேத்தே வந்துட்டுப் போயிட்டா."

"புதுசா சாம்பிள் எடுத்துக் காட்டுறேன் மேடம்."

"சாயங்காலம் ஷிப்ட் விடுற நேரத்துல. அதுக்கு மேல டிவினாதான்."

கிளாரிட்டா வெளியே வந்து போனைப் பார்த்தாள். விர்ஜிலியோவிடமிருந்து செய்தி வந்திருந்தது. வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லை. 'பிரிண்டரை எடுத்துக்கொண்டு கவுன்சிலர் வீட்டுக்கு வா. ஒத்திகை.' கூடவே ஒரு படச்சட்டம். எடுக்கப்போகும் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அச்சாக வேண்டியது அது. பெயர்தான் ஓரம், கவுன்சிலர் ஃபெலிசிமோவின் முகம் பாதித் தாளைப் பிடித்திருந்தது. மீதிப் பாதியில் 'உங்கள் அன்புக்குரிய' என்று தொடங்கும் வாழ்த்து. விருந்துக்கு வருகிறவர்கள் இரண்டுக்கும் இடையில் எப்படியாவது நுழைந்துகொள்ள வேண்டும்.

போனைப் பைக்குள் எறிந்தாள். ஆனாலும் கேமரா அவனிடம் இருக்கிறது. வீட்டுக்குப் போய், ஜிகினாத் திரையைச் சுருட்டி எடுத்து, பிரிண்டரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு டிரைசைக்கிளில் ஏறினாள்.

கவுன்சிலர் வீட்டுக் கூடத்தில் விர்ஜிலியோ விளக்குகளை நிறுத்தி முடித்திருந்தான். கறுப்புச் சட்டை. கழுத்தில் தொங்கும் அட்டையில் 'காட்சிக் கலை இயக்குநர்'. எந்தக் காட்சியையும் எந்தக் கலையையும் யாரும் அவனிடம் ஒப்படைத்ததாகத் தெரியவில்லை. அட்டையை அவனே அடித்துக்கொண்டான். அதையும் போன டிசம்பரில் அவளுடைய பிரிண்டரில்தான் அடித்தான்.

"மீன் ஆலைக்கு நீ எதுக்குடா மெசேஜ் போட்ட?" என்றாள், வாயசையாமல்.

"அந்த நாத்தத்துல நின்னு எடுத்து எடுத்து எனக்குச் சலிச்சுப்போச்சு, கிளாரி. கவுன்சிலர் என்னை நகராட்சியோட அதிகாரபூர்வ போட்டோகிராபர் ஆக்கறேன்னிருக்காரு."

"காசு?"

"நினோங்கிட்டப் போய் காசு கேப்பியா?"

ஃபெலிசிமோதான் அவர்களுடைய கல்யாணத்துக்கு ஞானத்தகப்பனாக, அந்த ஊர் வழக்கில் நினோங்காக, நின்றவர். ஊரில் பாதிக் கல்யாணங்களுக்கு அவர் நின்றிருக்கிறார். அவர் நின்ற கல்யாணங்களில் உடைந்தவற்றை எண்ணினால் இன்னொரு வார்டுக்குப் போதுமான ஓட்டு தேறும்.

"வாங்க, வாங்க பிள்ளைங்களா!" கவுன்சிலர் மாடியிலிருந்து இரண்டு கைகளையும் விரித்தபடி இறங்கினார். பின்னால் அவர் மனைவி ரெமெடியோஸ், கையில் பம்பளிமாஸ் பழத்துடன். "உங்களைச் சேர்த்துவெச்சவன் நான். இந்தக் கிறிஸ்துமஸ்ல என் வீட்டுல நீங்க ஒண்ணா நின்னு வேலை செய்யறதை ஊரே பார்க்கணும். குடும்பம் என்பது ஒரு கோட்டை. அந்தக் கோட்டையின்..."

"முதல்ல போட்டோ எடுங்கப்பா," என்றாள் ரெமெடியோஸ். "கோட்டையைக் கட்டி முடிக்க ராத்திரி ஆயிடும்." சோபாவில் உட்கார்ந்து லேப்டாப்பில் இருந்த படச்சட்டத்தை எட்டிப் பார்த்தாள். "யாரு இது?"

"நான்தான்!"

"முடி இருக்கே. எனக்கு இந்த ஆளைத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால எடுத்ததா இருக்கும்."

கிளாரிட்டா மாட்டிய ஜிகினாத் திரை முன்னால் கவுன்சிலர் போய் நின்று கட்டைவிரலை உயர்த்தினார். விர்ஜிலியோ ஒரு கண்ணை மூடி, முழங்காலிட்டு, எழுந்து, மறுபடி முழங்காலிட்டு எடுத்தான். பூசையில்கூட அவன் அப்படி முழங்காலிட்டதில்லை. அவன் பின்னாலிருந்து ரெமெடியோஸும், சோபாவை விட்டு எழாமலே, தன் போனில் ஒன்று எடுத்தாள். அதற்குள் கவுன்சிலருக்கு அழைப்பு வந்தது. யாரோ ஒரு கூடைப்பந்து மைதானத்தை அவர் இல்லாமலே திறந்துவிட்டார்களாம். கத்திக்கொண்டே வாசலுக்குப் போனார்.

கேமராவிலிருந்து படம் லேப்டாப்புக்கு வரவில்லை. விர்ஜிலியோ வயரைப் பிடுங்கிச் செருகினான். ஊதினான். சட்டையில் துடைத்துச் செருகினான். படம் வருவதாக இல்லை.

"வேற வயர் கொண்டாந்திருக்கலாமே," என்றாள் கிளாரிட்டா.

"வாயை மூடு."

"என் வாய் மூடித்தான் இருக்கு. உன் கேமராதான் திறக்க மாட்டேங்குது."

ரெமெடியோஸ் பழத்தின் வெள்ளைத் தோலை உரித்தபடி சொன்னாள்: "நான் எடுத்தது இருக்கு. இந்தா பொண்ணே, உனக்கு அனுப்பறேன். அந்தாளு திரும்பி வர்றப்ப கையில எதையாவது கொடுக்கலைன்னா மறுபடியும் கோட்டையிலேருந்து ஆரம்பிப்பாரு."

கிளாரிட்டா தன் போனில் படத்தை வாங்கி, காலையில் வந்த சட்டத்தை அதன் மேல் பொருத்தி, பிரிண்டருக்கு அனுப்பினாள். பிரிண்டர் முனகியது, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று தாளை மூன்று தடவை உள்ளே இழுத்து நிறம் ஏற்றிக் கொடுத்தது. அச்சிலிருந்த இளைய ஃபெலிசிமோவின் கன்னம் நிஜமான ஃபெலிசிமோவின் முகத்தை முழுவதும் மறைத்துவிட்டிருந்தது. அவருடையது என்று தெரிந்தது கட்டைவிரல் மட்டும்தான்.

கவுன்சிலர் உள்ளே வந்து படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அடடா! இதைத்தான் சொல்றேன். போன்ல எடுக்கறவங்களுக்கு வருமா இது? தோலைப் பாரு, கண்ணுல ஒளியைப் பாரு! உண்மையான கேமரான்னா உண்மையான கேமராதான்!"

 ரெமெடியோஸின் தோள்கள் குலுங்கின. கிளாரிட்டா விர்ஜிலியோவைப் பார்த்தாள். இத்தனை வருடங்களாக, லென்ஸ் இல்லாமல் நீ வெறும் தாள் துப்புகிற மிஷின் என்று அவளிடம் சொல்லிவந்தவன் அவன். அவளும் அதை நம்பித்தான், அவன் கேமராவுக்காக ஒவ்வொரு டிசம்பரும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பச்சைத் தொப்பியைப் போட்டாள். விர்ஜிலியோ வாயைத் திறந்தான். உண்மையைச் சொல்லப்போகிறான் என்றே நினைத்தாள்.

"நன்றி நினோங்," என்றான் அவன். "லென்ஸ் ஜெர்மனி."

கிளாரிட்டா எழுந்து பிரிண்டரின் வயரைச் சுவரிலிருந்து உருவினாள்.

"எங்க போற?"

"மீன் ஆலைக்கு. நினோங், மன்னிக்கணும். ரெண்டாவது சனிக்கிழமை எனக்கு அங்க வேலை. பிரிண்டர் அங்க வரும். உங்களுக்குக் கேமரா இருக்கு. ஜெர்மனி."

விர்ஜிலியோ சிரித்தான். "கேமரா இல்லாம நீ அங்க போய் என்னத்தக் கிழிப்ப?"

"அவர் கையில இருக்கறதை எதுல எடுத்தோம்னு சொல்லு, நான் போகலை."

அவன் வயரைச் சுருட்டத் தொடங்கினான். ரெமெடியோஸ் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, "என் போன்ல," என்றாள். "கீழ விழுந்து கண்ணாடி கீறினதே, அதுல."

கவுன்சிலர் படத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். இப்போது தோலும் கண்ணொளியும் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. கோபம் நியாயமாகப் போகவேண்டிய திசையில் போகவில்லை. கிளாரிட்டாவின் பக்கம் திரும்பியது.

"ஜனவரியில உன் பூத் லைசென்ஸைப் புதுப்பிக்கணும்ல? யார் கையெழுத்துப் போடறாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு நினோங்."

"இருந்துமா போற?"

 பிரிண்டரைத் துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். "அந்தத் திரையைக் கழட்டாம போறாளே!" என்று விர்ஜிலியோ பின்னால் கத்தினான். பதற்றத்தில் மறந்துபோயிருந்தாள். திரும்பிப் போய்க் கழற்ற வெட்கமாக இருந்தது, போகவில்லை.

ஆலை வாசலில், வறுத்த வாழைப்பழம் விற்கும் கடைக்காரியைக் கெஞ்சி, அவளுடைய மின்விசிறியை அணைக்கச் செய்து அந்த ஒரே பிளக்கில் பிரிண்டரைச் செருகினாள்.  காவலாளி கேட்டுக்கு உள்ளிருந்தே குரல் கொடுத்தான்: "இங்க வியாபாரம் கூடாது! நகரு!"

"வியாபாரம் இல்ல அண்ணே. சாம்பிள்."

"எதுவா இருந்தாலும் நகரு!"

சங்கு ஊதியது. ரப்பர் பூட்ஸும் முடிவலையுமாகப் பெண்கள் வெளியே வந்தார்கள். தக்காளிச் சாறும் மீனும் கலந்த வாடை அவர்களுக்கு முன்னால் வந்தது. ஒருத்தி அவளை அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஏய், புகை போட்டோக்காரி வந்திருக்காடி!"

"அவ மூஞ்சிய நாம மட்டும் நல்லாப் பார்க்கணும், நம்ம மூஞ்சிய யாரும் பார்க்கக் கூடாது!"

"ஒரு நிமிஷம் நில்லுங்க," என்றாள் கிளாரிட்டா. "ஒரே ஒரு படம்."

"எதுக்கு? போன வருஷப் படத்தை எங்கம்மாவுக்கு அனுப்பினேன்." பேசியவள் உயரமாக, கையில் வெட்டுக்காயக் கட்டுடன் இருந்தாள். "இதுல நீ யாருன்னு கேட்டா. பெத்தவ கேக்கறா!"

"இந்தத் தடவை தெரியும்."

"தெரியலைன்னா?"

"தெரியலைன்னா என்னை இங்கயே அடிங்க."

இந்தப் பேரம் அவர்களுக்குப் பிடித்திருந்தது. முணுமுணுத்துக்கொண்டே சுவரோரம் கூடினார்கள். உயரமானவள் பழக்கத்தில் பின்வரிசைக்கே போனாள். கேட்டுக்கு மேலே அலுவலக ஜன்னலில் ஜோசெலின் வந்து நின்றாள். பக்கத்தில் இன்னொரு தலை, டிவினாவுடையதாக இருக்கலாம். கிளாரிட்டா போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அழுத்தினாள்.

பிரிண்டர் தாளை மெல்ல வெளியே நீட்டியது. அதில் வெளிறிய மஞ்சளில் சில உருவங்கள், வெயிலில் காய்ந்த கறைபோல.

"மஞ்சக் காமாலைடி எல்லாருக்கும்!" என்று ஒருத்தி கத்தினாள். உயரமானவள் கட்டுப் போட்ட கையால் மற்றவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

பிரிண்டர் தாளை உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி நீட்டியபோது மஞ்சளின் மேல் சிவப்பு ஏறியிருந்தது. உதடுகள் வந்திருந்தன, கண்கள் இன்னும் இல்லை. கேட்டைத் திறந்து காவலாளி தடியுடன் வந்துகொண்டிருந்தான். பெண்கள் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பெட்டியின் மேல் குனிந்தார்கள். தாள் மூன்றாம் முறையாக உள்ளே போனது.