நொடிக்கு நானூறு

மூன்று நாளாக அந்த எண் முந்நூற்றைத் தொடவில்லை. வேண்டியது நானூறு. கம்ப்யூட்டரிலிருந்து கணக்குப் போடும் அட்டைக்கு நொடிக்கு நானூறு கிலோபைட் போக வேண்டும். ராணிப்பேட்டை வார்ப்பாலைக்காகச் செய்தது; லாரி பிரேக்குக்கான இரும்பு வார்ப்புகளைத் தட்டி, எழும் ஒலியை வைத்து விரிசலைக் கண்டுபிடிக்கிற அட்டை. வேகம் குறைந்தால் சில வார்ப்புகள் சோதிக்கப்படாமலே உற்பத்தி லைனைக் கடந்துவிடும்.

அட்டையைச் செய்த சாம்சன் கேபிளை மாற்றினான். சிப்பை மாற்றினான். அட்டை மசியவில்லை. நாலாம் நாள், தரவு போகும்போது குறுக்கே வரும் மற்ற வேலைகளைக் கம்ப்யூட்டர் நிறுத்திவைக்கும்படி புரோகிராமைத் திருத்தினான். பதினொன்று ஐம்பதுக்கு ஓடவிட்டான். முடிந்தபோது திரையில் நானூற்றெட்டு.

மேனேஜர் திருநாவுக்கரசு சோதனைத் தாளில் உடனே கையெழுத்துப் போட்டார். "பேக் பண்ணு. மூணு மணி வண்டியில அனுப்பிடலாம்."

சால்டரிங் மேசையிலிருந்து ஜெயம் டிபன் பாக்ஸோடு எழுந்தாள். "இன்னாண்ணா, சங்கு ஊதனது காதுல வுழலயா?"

"இன்னும் பத்து நிமிஷம் கீது." திரையின் மூலையைக் காட்டினான். 12:19.

"உன் பொட்டி தூங்கிப்போச்சு. பன்னெண்டரை ஆயிடுச்சி."

கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டரைதான். நிறுத்திவைத்த வேலைகளில் கம்ப்யூட்டரின் கடிகாரமும் ஒன்று. நாற்பது நிமிடம் ஓடிய சோதனையை அது இருபத்தொன்பது நிமிடம் என்று எண்ணியிருந்தது. போன தரவை நாற்பது நிமிடத்தால் காகிதத்தில் வகுத்துப் பார்த்தான். இருநூற்றுத் தொண்ணூற்றாறு. நாலு நாள் உழைப்புக்கும் எண் நகரவே இல்லை.

மேனேஜரிடம் போய்ச் சொன்னான்.

"அவங்களும் நம்ம புரோகிராம்லதானய்யா பாப்பாங்க. நானூறுன்னுதான் காட்டும்."

"அவங்க லைன்ல வார்ப்பு நம்ம புரோகிராமுக்காவ நிக்காது சார்."

"உன்ன யாரு திரும்பக் கணக்குப் போடச் சொன்னது? இன்னிக்காவது நேரத்தோட வூட்டுக்குப் போயி பொண்டாட்டி கையால..." திருநாவுக்கரசு நிறுத்திக்கொண்டார். சாம்சனின் மனைவி ஷெர்லின் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

"தாளைக் குடுங்க சார்."

கொடுத்தார். அவன் பழைய எண்ணை அடித்துவிட்டு 296 என்று எழுதினான்.

"அப்ப நீயே போன் போட்டுச் சொல்லிக்க," என்று சாப்பிடப் போய்விட்டார்.

ராணிப்பேட்டைக்குப் போன் ஆறாவது தடவைதான் கிடைத்தது. வார்ப்பாலை எஞ்சினியர் எடுத்தார்.

"இன்னிக்கு அனுப்பலைங்க. இருநூத்தித் தொண்ணூத்தாறுதான் வருது."

"நானூறு எப்ப வரும்?"

"தெரியலைங்க."

"வந்தா கூப்புடுங்க. அதுவரைக்கும் ஆளை வெச்சு சுத்தியலால தட்டிக் கேட்டுக்கிறோம்."

சாம்சன் ரிசீவரை வைத்தான். கம்ப்யூட்டர் மூடியின் திருகுகளை மறுபடி கழற்றத் தொடங்கினான்.