கால் இறங்கும் வரை

பியானோ வாசிப்பவனுக்கு நடனம் தெரியாது என்று எங்கள் பல்கலைக்கழகத்தின் நடனத் துறையில் எல்லோருக்கும் ஓர் எண்ணம். அது உண்மைதான். பதினோரு வருஷமாக வாரத்தில் ஐந்து நாள், காலை ஒன்பது முதல் பதினொன்றரை வரை, பாலே வகுப்புக்கு வாசிக்கிறேன். பியானோ, கூடத்தின் மூலையில் சுவரைப் பார்த்துக் கிடக்கிறது. பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் குதிப்பார்கள். தலையைக் கொஞ்சம் திருப்பினால் பக்கத்துக் கண்ணாடிச் சுவரில் டீச்சர் தெரிவார். நான் பார்த்ததெல்லாம் அவரை மட்டும்தான். பிறகு நடனம் எப்படித் தெரியும்?

டீச்சர் என்னிடம் இதை வாசி, அதை வாசி என்று சொல்வதில்லை. பிள்ளைகள் பிடித்துப் பயிற்சி செய்யும் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் அடவைக் காட்டுவார். பாலேக்காரர்களுக்கு அப்படி ஒரு வழக்கம் உண்டு. வீணாகக் காலைக் களைக்கவிடமாட்டார்கள். விரல்களையே பாதங்களாக்கிக் காற்றில் நடத்திக் காட்டிவிடுவார்கள். அந்த விரல்களைப் பார்த்தாலே என்ன தாளம், எவ்வளவு வேகம் என்று எனக்கு விளங்கிவிடும். என் சொந்த விரல்களைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

எனக்கு அவரைப் பிடிக்கும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஐம்பத்தெட்டு வயதில் பொறுமை இல்லை. பொறுமை இருந்த காலத்தில் தைரியம் இல்லை. டீச்சரின் கணவர் காலமாகி ஏழு வருஷம் ஆகிறது. எனக்கு நடந்த கல்யாணம் பதினான்கு மாதத்தில் முறிந்து, அந்தப் பெண் வேறு ஊரில் நன்றாகவே இருக்கிறாள். ஆக, எங்கள் இரண்டு பேருக்கும் குறுக்கே நிற்க ஆள் கிடையாது. என் வாய்தான் குறுக்கே நின்றது.

ஒரே ஒரு தடவை சொல்லப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன்பு லிஃப்ட் வேலை செய்யாத ஒரு நாள். ஐந்தாவது மாடியிலிருந்து இரண்டு பேரும் படியில் இறங்கிக்கொண்டிருந்தோம். மூன்றாவது மாடி தாண்டியதும், "டீச்சர், ஒண்ணு சொல்லணும்," என்றேன். அவர் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று, திரும்பி, "சொல்லுங்க மாஸ்டர்," என்றார். நின்றார். காத்திருந்தார். அவர் முகத்தில் ஒரு களைப்பு தெரிந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. "முட்டி வலிக்குதா?" என்று கேட்டேன். "கொஞ்சம்," என்றார். மீதி மாடிகளை மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே இறங்கினோம். என்னைப் போன்ற ஒரு மடையனை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது.

இப்போது டீச்சர் ஓய்வு பெறுகிறார். வெளிநாட்டிலிருந்து மகன் வந்திருக்கிறான். வருடாந்திர நடன நிகழ்ச்சி சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலை அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறான். வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. அக்கா எனக்குத் தினமும் போன் செய்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லணும்."

"எப்போ? அவங்க ப்ளேன்ல ஏறி பெல்ட் போட்டப்புறமா?"

"நிகழ்ச்சி முடியட்டும்க்கா."

"உனக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு முடியணும்," என்று போனை வைத்துவிட்டாள்.

இந்த நிலையில்தான் கேள்விக்குறி டீச்சரையும் என்னையும் பிடித்துக்கொண்டாள். அவள் நான்காம் ஆண்டு மாணவி. வகுப்பில் எதற்கும் ஏன் என்று கேட்பாள் என்பதால் வந்த பெயர். நிகழ்ச்சியின் முதல் பாதி எப்போதும் பழைய பாலேதான்: வெள்ளைப் பாவாடை விரித்த இருபத்து நான்கு பெண்கள், பதிவுசெய்த ஆர்கெஸ்ட்ரா. இரண்டாம் பாதி மாணவர்கள் தாங்களே அமைத்த நடனங்கள். போன வருஷம் ஒருவன் பன்னிரண்டு நிமிஷம் நாற்காலியைச் சுமந்துகொண்டு நடந்தான். ஏன் என்று கேள்விக்குறிகூடக் கேட்கவில்லை.

அவளுடைய நடனத்துக்குப் பெயர் 'வகுப்பு'. மேடையில் ஒரு கம்பி, ஒரு பியானோ, ஆறு மாணவிகள். அவர்கள் அன்றாட வகுப்பைச் செய்வார்கள். ஒவ்வொருத்தியாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். கடைசியில் டீச்சர் மட்டும் இருப்பார். அப்போது அவர் ஆட வேண்டும்.

"என்னை வெச்சு காமெடி பண்ணாதே," என்றார் டீச்சர். "நான் மேடையில ஆடி ஒன்பது வருஷம் ஆச்சு. முட்டி தேஞ்சுபோச்சு."

"புதுசா எதுவும் வேண்டாம் டீச்சர். எங்களுக்குக் கையால காட்டிக் குடுத்ததையே ஒரு தடவை காலால செய்ங்க. போறதுக்கு முன்னாடி நாங்க பார்க்க வேண்டாமா?"

நான்கு நாள் மறுத்துவிட்டு, ஐந்தாம் நாள் சரி என்றார். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லவே தேவையில்லை. வீட்டுக்குப் போய், வாசித்துப் பழகிய இசைத் துண்டையே புதிதாக வந்தது போல ஒரு மணி நேரம் வாசித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

ஒத்திகையில் டீச்சர் காலை மிச்சப்படுத்தினார். கடைசிக் கட்டம் வந்தால் கம்பியில் ஒரு கை வைத்து, மற்றக் கையைப் பின்னால் நீட்டி, "இங்க கால் இருக்கும், சரி, அடுத்தது," என்று முடித்துவிடுவார். அந்தக் கட்டம் இதுதான்: ஒரு காலில் நின்று, மறு காலைப் பின்னால் நேராக உயர்த்தி, அப்படியே அசையாமல் நிற்பது. வியாழக்கிழமை கேள்விக்குறி பியானோவுக்குப் பக்கத்தில் குனிந்து எனக்குப் பாடம் சொன்னாள்.

"சார், கடைசி எட்டு பாரைத் திரும்பத் திரும்ப வாசிங்க. டீச்சர் காலை இறக்கினதும் நிறுத்துங்க."

பார் என்றால் இசையில் ஒரு தாளச் சுற்று.

"எத்தனை தடவை?"

"அது டீச்சர் கையில இருக்கு."

"கால்லதானே?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. இந்தத் தலைமுறைக்கு நகைச்சுவை உணர்வு போதாது.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நிகழ்ச்சி. அன்றாவது, மேடைக்குப் போவதற்கு முன், டீச்சரிடம் பேசிவிடுவது என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். ஒப்பனை அறை வாசலில் நின்றேன். உள்ளே வெள்ளைப் பாவாடைகள் அடைத்துக்கொண்டிருந்தன. ஒருத்தி வாயில் கொண்டை ஊசிகளோடு அழுதாள், இன்னொருத்தி புது ஷூவைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கிப் பதப்படுத்தினாள். டீச்சர் நடுவில் உட்கார்ந்து யாருக்கோ பிய்ந்த நாடாவைத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "என்ன மாஸ்டர்?" என்றார்.

"ஒண்ணுமில்ல. முட்டி எப்படி இருக்கு?"

"இருக்கு," என்றார்.

மடையன் பட்டத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

முதல் பாதியைத் திரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வரிசை கலையாமல் இருபத்து நான்கு பேரும் சறுக்கிக்கொண்டு போனார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் பதிவுசெய்த இசை யாருக்கும் காத்திருப்பதில்லை. கடைசி வரிசைப் பெண் ஒருத்தி குதித்து இறங்க அரை நொடி பிந்தினாள். இசை அவளை விட்டுவிட்டுப் போய்விட்டது. நான் வாசித்திருந்தால் காத்திருப்பேன்.

இரண்டாம் பாதியில் நாங்கள் மூன்றாவது. பியானோவை மேடையில் குறுக்காகப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிரே கம்பி. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, வாசிக்கும்போது டீச்சரைக் கண்ணாடியில் பார்க்காமல் நேராகப் பார்த்தேன். வகிடு வலப்பக்கம் இருந்தது. இத்தனை நாள் வாசித்த நேரமெல்லாம் எனக்கு அது இடப்பக்கம்.

பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகக் கிளம்பினார்கள். மேடை காலியானது. டீச்சர் சால்வையைக் கழற்றிக் கம்பியில் போட்டார். ஆட ஆரம்பித்தார். பெரிய தாவல் எதுவும் இல்லை. இரண்டு அடி, ஒரு திருப்பம், கை மேலே போய்த் தழைந்து வருவது, அவ்வளவுதான். ஆனால் இத்தனை காலம் விரல் நுனியில் பார்த்ததெல்லாம் ஒரு முழு ஆளாகி என் முன்னால் நடமாடியது. நான் எதையும் யோசித்து வாசிக்கவில்லை. அவர் மூச்சு இழுத்தால் என் கை உயர்ந்தது.

கடைசிக் கட்டம். டீச்சர் கம்பியைத் தொட்டு, இடக்காலில் நின்று, வலக்காலைப் பின்னால் உயர்த்தினார். முகம் என்னைப் பார்த்து இருந்தது. எட்டு பார் வாசித்தேன். கால் இறங்கவில்லை. மறுபடி எட்டு. இறங்கவில்லை. மூன்றாவது தடவை. அரங்கில் ஒரு இருமல்கூட இல்லை. இந்த அம்மாவுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று வியந்தேன். நான்காவது தடவை வாசிக்கும்போது தற்செயலாக ஓரத்தைப் பார்த்தேன். திரைக்குப் பின்னால் கேள்விக்குறி தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, போதும் நிறுத்துங்கள் என்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். டீச்சரைச் சுட்டினாள், காதைத் தொட்டுக் காட்டினாள், என்னைச் சுட்டினாள்.

எனக்கு விளங்கியது. இந்தப் பெண் டீச்சரிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள். இசை நின்றதும் காலை இறக்குங்கள் என்று. பிறகு மனசை மாற்றிக்கொண்டு எனக்கு மட்டும் புதிதாகச் சொல்லிவிட்டு, அவரிடம் சொல்ல மறந்துவிட்டாள். நான் அவருக்காகக் காத்திருக்கிறேன். அவர் எனக்காகக் காத்திருக்கிறார்.

விளங்கிய பிறகும் வாசித்தேன். அதை ஒத்துக்கொள்கிறேன். ஐந்தாவது தடவை முழுக்கத் தெரிந்தேதான் வாசித்தேன். நான் வாசிக்கும்வரை அவர் இங்கே இருப்பார், என்னைப் பார்த்தபடி இருப்பார், செவ்வாய்க்கிழமை வராது. கம்பியைத் தொட்ட கையில் நரம்பு புடைத்திருந்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இந்த வயதில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆறாவது தடவையின் நடுவில் அவருடைய ஊன்றிய கால் நடுங்கத் தொடங்கியது. முதலில் கணுக்கால், பிறகு முட்டி. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஆறாவது பாரோடு கையை எடுத்துவிட்டேன்.

டீச்சர் உடனே இறக்கவில்லை. சத்தமே இல்லாத மேடையில் இன்னும் ஒரு மூச்சு நேரம் நின்றார். பிறகு கால் மெதுவாக இறங்கியது. விளக்கு அணைந்தது. கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது.

கேள்விக்குறி ஓடிவந்து டீச்சரைக் கட்டிக்கொண்டு அழுதாள். "மறந்துட்டேன் டீச்சர், உங்ககிட்ட மாத்திச் சொல்ல மறந்துட்டேன்," என்று முழுக் கதையையும் ஒப்பித்தாள். டீச்சர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு, திரைக்குப் பின்னால் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார். நான் சால்வையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைப் போர்த்திக்கொள்ளாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ நான் காலை இறக்குறவரைக்கும் வாசிக்கணும்னுதான் உங்களுக்குச் சொல்லியிருந்தா?"

"ஆமா."

"நான் இறக்கலையே. ஏன் நிறுத்தினீங்க?"

"கால் நடுங்கிச்சு டீச்சர்."

"நடுங்கினது என் கால்தானே மாஸ்டர்?"

அவர் குரலில் கோபம் இருந்தது. பதினோரு வருஷத்தில் என்மேல் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. மேடையில் அடுத்த நடனத்துக்கு யாரோ சாமான்களை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும்," என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அதே களைப்பு முகத்தில் இருந்தது. இந்தத் தடவை நான் முட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. "போகாதீங்க. எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும். இன்னைக்கு நேத்து இல்ல. நீங்க இல்லாத வகுப்புல எப்படி உட்கார்ந்து வாசிக்கிறதுன்னு எனக்குத் தெரியல."

சொல்லிவிட்டேன். இவ்வளவு சின்னதாக இருந்தது அது.

டீச்சர் சால்வையின் ஓரத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"என் பையன் என்னை எப்போலேருந்து கூப்பிடறான் தெரியுமா?"

"ஓய்வு வருதுன்னு இப்பதானே..."

"மூணு வருஷமா கூப்பிடறான். வரமாட்டேன், வரமாட்டேன்னு ஒத்தைக்கால்ல நின்னேன். எதுக்காக நின்னேன்னு நினைச்சீங்க?"

பக்கவாட்டுக் கதவு திறந்து, வெளி வெளிச்சத்தில் மகன் எட்டிப் பார்த்தான். கையில் பூங்கொத்து வைத்திருந்தான்.

"அம்மா, போலாமா?"

"வந்துட்டேன்பா," என்று டீச்சர் எழுந்தார்.