தெருவுக்கே வைத்த பூண்டுக் குழம்பு

கொடைக்கானலில் வாடகைக்கு வீடு தேடுவதைவிட மனுஷரை அலைக்கழிக்கிற சோலி வேறு ஏதாவது இருந்தால், அதைப் புவனாவிடம் மட்டும் சொல்லாதீர்கள். அவள் பட்டதே போதும். பழனி அடிவாரத்தில் சாப்பாட்டுக் கடை நடத்துகிற குடும்பத்துப் பெண் அவள். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்து மலையேறி வந்தாள். வயது முப்பத்து மூன்று, கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை, கவலையெல்லாம் வீட்டுக்காரர்களுக்குத்தான்.

ஏரிப் பக்கம் போனால் எந்த வீட்டைப் பார்த்தாலும் ‘ஹோம் ஸ்டே’ போர்டு. ஒரு அபார்ட்மெண்டில் எல்லாம் பேசி முடித்த பிறகு, “சீசன் ரெண்டு மாசம் மட்டும் காலி பண்ணிக் குடுத்துருங்க மேடம்” என்றார்கள். அந்த ரெண்டு மாசம் எங்கே போவதாம், ஏரிப் படகிலா குடித்தனம் நடத்துவது? “சிங்கிள் லேடியா? வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்ற இன்னொருவர் இன்றுவரை கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். அடிவாரத்திலிருந்து அம்மா சுந்தராம்பாள் தினமும் போன் போட்டாள். “ஒரு மாசம் தாக்குப் பிடிப்பியா நீ? வெரசா வந்து சேரு, இங்க எல எடுக்க ஆளில்ல.” அந்த ஒரு பேச்சுக்காகவே திரும்பிப் போவதில்லை என்று புவனா வீம்பாக இருந்தாள்.

கடைசியில் வில்பட்டி பஸ்ஸில்தான் வழி பிறந்தது. வீடு பார்க்க ஏறியவள் நெரிசலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது, உட்கார்ந்திருந்த ஒருத்தி கேட்காமலே இவள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஊர் பிடித்துப்போக அது போதாதா? இறங்கி விசாரித்ததில் காளியாயி என்கிற அம்மாளின் ஓட்டு வீடு காலியாக இருந்தது. காளியாயி கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை, சம்பளத்தைப் பற்றியும் கேட்கவில்லை.

“வெறகடுப்பு எரிக்கத் தெரியுமா?” என்றாள்.

புவனாவுக்குச் சுருக்கென்று ரோஷம் வந்துவிட்டது. “என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க வீட்ல ஒரே நேரத்துல நாலு அடுப்பு எரியும்ங்க.”

“அப்பச் சரி. காலையிலயும் சாயங்காலமும் அடுப்புப் பொகையணும். மத்தது உன் இஷ்டம்.”

ஓட்டு வீட்டுக்கு ஈரம் ஏறாமல் இருக்கத்தான் சொல்கிறாள் என்று புவனா நினைத்துக்கொண்டாள். அடுப்புக்கு மேலே மூங்கில் பரணில், கரி படிந்த பூண்டுக் கட்டுகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொரு கட்டிலும் ஒரு துண்டுத் துணி, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று. அதைப் பற்றிக் காளியாயி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெருப்பு சுடும் என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லையே, அந்த மாதிரி.

வீடு கிடைத்ததே தவிர மனுஷர் கிடைக்கவில்லை. மூன்று வாரமாகத் தெருவில் எல்லோரும் அவளுக்கு ஒரு தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டார்கள். எதிர்வீட்டு வடிவுக்கு அவள் வயதுதான் இருக்கும், நாலு வயது கூட இருக்கலாம். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்ன நிலத்தில் பூண்டும் கேரட்டும் போடுகிறவள். அவள் குழாயடியில், புவனாவின் காதில் விழும்படியே, “டவுனு மேடத்துக்கு நம்ம தெருவுல என்ன சோலி?” என்றாள். பேச்சா அது! ஆனால் அந்த வாய்த் துடுக்குதான் புவனாவுக்குப் பிடித்திருந்தது. சிநேகம் வைத்தால் இவளோடுதான் வைக்க வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்.

அடிவாரத்துக்காரர்களுக்குச் சிநேகம் பிடிக்கத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று, இலை போடுவது. ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் புவனா தெருவுக்கே சாப்பாடு சொன்னாள். பதினோரு வீடு. வெள்ளனே எழுந்து அடுப்பை மூட்டினாள். சோறு, பொரியல், ரசம், அவர்கள் கடையில் பேர் போன பூண்டுக் குழம்பு. கடையில் அடுப்புக்கு மேலே தொங்குவதெல்லாம் அன்றன்றைய குழம்புக்குத்தான். அந்தப் பழக்கத்தில் கை தானாக மேலே போயிற்று. எட்டினது நீலத் துணி கட்டின கட்டுகள். ஆறு கட்டையும் இறக்கி, உரித்து, நல்லெண்ணெயில் வதக்கிப் போட்டாள். வாசனை தெருமுனை வரைக்கும் போனது.

சனங்கள் வந்தார்கள். முதலில் கூச்சத்தோடு உட்கார்ந்தவர்கள் இரண்டாவது வாய்க்கு மேல் கூச்சத்தை மறந்தார்கள். வடிவுகூட வந்தாள். குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள். புவனாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

“பூண்டு நம்ம மலைப்பூண்டு மாதிரியே கெடக்கே!” என்றார் பக்கத்து வீட்டுத் தங்கமுத்து, விரலைச் சப்பிக்கொண்டே. “உங்க அடிவாரத்துல இது கெடைக்குதா?”

“எதுக்கு அங்க போகணும்? நம்ம அடுப்பு மேல தொங்குதே, அதுதாங்க!” என்றாள் புவனா பெருமையாக.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகளெல்லாம் அப்படியே நின்றன. வடிவு எச்சில் கையோடு எழுந்து அடுப்படிக்குப் போனாள். நீலத் துணி ஆறும் திண்டில் மடித்து வைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள் யாரையும் பார்க்கவில்லை.

“அடுத்த வாரம் ஊன்ற வெதை அது” என்றாள். “என் வெதைய எனக்கே கொழம்பு வச்சு ஊத்திட்டாளே!”

அப்புறம்தான் விஷயம் விளங்கிற்று. விதைப்பூண்டு புகையிலேயே கிடந்தால்தான் கெடாது. தெருவில் எல்லா வீட்டுக்கும் கேஸ் வந்தாயிற்று, இந்த ஒரு வீட்டில்தான் விறகடுப்பு. அதனால் பதினோரு வீட்டு விதையும் இந்தப் பரணில்தான். எந்தக் கட்டு யாருடையது என்பதற்குத்தான் துணி. புகை போட ஆள் வேண்டும் என்றுதான் காளியாயி வீட்டையே வாடகைக்கு விட்டிருக்கிறாள். விதையைத் தின்னக்கூடிய ஒருத்தி இந்த உலகத்தில் இருப்பாள் என்பது பாவம், அவளுக்குத் தோன்றவே இல்லை.

சாயங்காலம் காளியாயி வந்தாள். “வடிவு ஒரே பிடியா நிக்கிறா, தாயி. நீ இருக்கற வீட்டுல வெதைய வைக்க மாட்டாளாம். அவ சொன்னா மத்தவங்களும் எடுத்துக்குவாங்க. வர்ற ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம். அவ மனசு மாறலைன்னா நீ வேற வீடு பாத்துக்க.”

மறுநாள் காலையில் புவனா நேராக வடிவின் வாசலில் போய் நின்றாள். “தப்பு என்னோடதுதாங்க்கா. உங்க வெதைக்கு வெதை கொண்டாந்து தர்றேன்.”

“வெதை என்ன கடையில விக்குதா?” என்று கதவைச் சாத்திக்கொண்டாள் வடிவு.

புவனா அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை. வேறு வீடு கிடைக்காமலா போய்விடும்? கிடைக்கும். ஆனால் இவளுக்கு இந்தத் தெருதான் வேண்டும், அந்த வாய்த் துடுக்குக்காரிதான் வேண்டும். தோற்றுப்போய் அம்மா முன்னால் நிற்பதைவிட, இவர்கள் முன்னால் தலைகுனிந்து வெளியேறுவதுதான் வலித்தது. ஆனாலும் ஒரு வேளைகூட அடுப்பை அணைய விடவில்லை. மற்றப் பத்து வீட்டு விதை மேலே இருக்கிறதே! கண்ணெரிய ஊதி ஊதி, இரண்டு நேரமும் புகை போட்டாள்.

அப்போதுதான் பொன்னுவேல் ஞாபகம் வந்தது. போன மாசம் சர்க்கரை பார்க்க லேபுக்கு வந்தவர். ரத்தம் எடுக்கிற நேரமெல்லாம் தன் பூண்டுப் பெருமையே பேசினார், “மன்னவனூருக்கு வந்து பொன்னுவேல் வீடுன்னு கேளும்மா, சின்னப் புள்ளையும் சொல்லும்” என்று. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினாள். வளைவு வளைவாகப் போய், குளிரில் பல்லடிக்க மன்னவனூரில் இறங்கினாள்.

பொன்னுவேல் அடையாளம் கண்டுகொண்டு காபியெல்லாம் கொடுத்தார். விதை என்றதும் முகம் மாறிவிட்டது.

“உனக்கு நெலம் எங்கம்மா இருக்கு?”

“எனக்கு நெலம் இல்லீங்க.”

“நெலமில்லாத ஆளுக்கு வெதை எதுக்கு? கொழம்பு வைக்கவா?”

“அதை ஏற்கெனவே வச்சுட்டேங்கண்ணே” என்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மறைக்கவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை. எதிர்வீட்டு விதைக்காரியே குழம்பை ரெண்டாம் தரம் கேட்டு வாங்கினதைச் சொன்னபோது பொன்னுவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார். “எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. வெதைய விக்க மாட்டோம். மாத்திக்குவோம், அதுவும் தெரிஞ்ச ஆளோட. உனக்காக உங்க தெருவுல ஒருத்தர் பேசணும். யாரு பேசுவாங்க?”

காளியாயி பேரைச் சொல்லியிருக்கலாம். தங்கமுத்துவைச் சொல்லியிருக்கலாம், நல்ல மனுஷர். ஆனால் விதையை இழந்தவளை விட்டுவிட்டு இன்னொருத்தரை வைத்துக் காரியம் சாதிப்பது புவனாவுக்குக் கோழைத்தனமாகப் பட்டது.

“வடிவுன்னு ஒருத்தங்க. எதிர்வீடு” என்றாள்.

“வெதைக்காரியேவா? நல்லாத்தான் ஆளைப் புடிச்ச!”

டவர் கிடைக்கிற மேட்டுக்கு இருவரும் ஏறினார்கள். புவனா காளியாயியைக் கூப்பிட்டு வாங்கிக் கொடுத்த வடிவின் நம்பரைப் பொன்னுவேல் போட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்தார். “அம்மா, நா மன்னவனூர்லருந்து பேசுறேன். புவனான்னு ஒரு பொண்ணு வெதைக்கு வந்து நிக்குது. உங்க தெருவுன்னு சொல்லுது. நெசமா?”

லைன் போய்விட்டதோ என்று பொன்னுவேல் போனைத் தட்டினார். வடிவு ஒரு வார்த்தை ‘தெரியாது’ என்று சொன்னால் தீர்ந்தது, மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“மன்னவனூருக்கா போயிருக்கா?” என்றது வடிவின் குரல். அப்புறம், “வெதையக் குடுங்கண்ணே” என்றது. “காலி பண்ணுன்னு சொன்ன பெறகும் எங்க தெரு வெதைக்கெல்லாம் ரெண்டு நேரமும் பொகை போட்டவ அவ. எதிர்வீட்டுலருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எங்க தெருப் புள்ளதான். நா பொறுப்பு. அடுத்த அறுப்புல எங்க பூண்டுல நல்ல கட்டா உங்களுக்கு வந்து சேரும்.”

புவனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“போனை அவகிட்டக் குடுங்க.”

பொன்னுவேல் நீட்டினார். புவனா ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்ததுதான் தாமதம், அந்தப் பக்கம் வெடித்தது. “ஏண்டி, அறிவிருக்கா ஒனக்கு? இந்தக் குளிருல ஒத்தையிலயா போவே? வெதையில எது நல்லது எது சொத்தைன்னு ஒனக்கு என்ன தெரியும்? என்னைய ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா? கதவைச் சாத்துனா மறுபடியும் தட்ட மாட்டியாடி நீ?”

மூன்று வாரமாகத் தலையாட்டலைத் தாண்டி ஒரு பேச்சுக்கு ஏங்கினவள், இப்போது மூச்சு விடாமல் விழுகிற ‘டி’களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“என்னம்மா சொல்றாங்க?” என்றார் பொன்னுவேல்.

“ஏசுறாங்கண்ணே” என்றாள் புவனா. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தாலும், சொல்லும்போது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.