நான் என்ன சொல்ல வரேன்னா

மாதிரித் தேர்வில், பேச்சுப் பகுதியில், எனக்கு நாச்சியாரைவிடக் குறைந்த மதிப்பெண் என்று அனீஷ் சொன்னபோது அவன் தாளை மாற்றிப் படிக்கிறான் என்றுதான் நினைத்தேன். பிடுங்கிப் பார்த்தேன். சரியாகத்தான் படித்திருந்தான்.

வாசிப்பில் நான்தான் முதல். இலக்கணத்திலும் முதல். பனிப்பாறை உருகுவதைப் பற்றிய மூன்று பக்கக் கட்டுரையில், எழுதியவரின் மனநிலை என்ன என்ற கேள்விக்குக்கூடச் சரியான விடை எழுதியிருந்தேன். அது எழுதியவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். உச்சரிப்புக்கும் குறைவில்லை. பேச்சில் மட்டும் தோல்வி. பேச்சில்! நானா!

"மேடம், தேஷ்யப்படல்லே," என்றான் அனீஷ். தம்பானூரில் பயிற்சி வகுப்பு நடத்துகிறவன். கோபப்படாதீர்கள் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுத்தான் எதையும் ஆரம்பிப்பான். "இது ரெண்டு பேர் சேர்ந்து பேசற தேர்வு. ரெண்டு நிமிஷத்துல நாச்சியார் டீச்சருக்கு நீங்க விட்டது பதினெட்டு செகண்ட். அதிலயும் அவங்க ஆரம்பிச்ச நாலு வாக்கியத்தையும் நீங்கதான் முடிச்சீங்க."

"அவளுக்கு வார்த்தை கிடைக்கலை. எடுத்துக் குடுத்தேன். உதவி பண்ணினா குத்தமா?"

"இந்தப் பரீட்சையில குத்தம்தான் மேடம்."

பக்கத்தில் நாச்சியார் தலையைக் குனிந்துகொண்டு பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரியும்.

மணக்காட்டில் ஒரு தனியார் பள்ளியில் பத்தொன்பது வருடமாக எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். போன வருடம் நிர்வாகம் மாறியது. ஆங்கிலம் எடுப்பவர்கள் எல்லோரும் மார்ச்சுக்குள் உயர்நிலை ஆங்கிலத் தேர்வு ஒன்றை எழுதித் தேற வேண்டும், தேறாதவர்கள் நூலகப் பொறுப்புக்குப் போக வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எங்கள் பள்ளி நூலகம் என்பது இரண்டு பீரோ, ஒரு மின்விசிறி. அங்கே போய் உட்கார்ந்து யாரோடு நான் பேசுவது? எனக்கு என் எட்டாம் வகுப்பு வேண்டும். நாற்பத்திரண்டு வாண்டுகள், ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. அதுகள் இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது.

நாச்சியார் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆங்கில ஆசிரியை. போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, விதுரையில் படித்து, இங்கே வேலைக்கு வந்தவள். நல்ல பெண். ஆனால் ஒரு வாக்கியம் பேசுவதற்குள் பால் பொங்கி அடங்கிவிடும். அவளோடு என்னை ஜோடி சேர்த்தபோது, என்னைக் கவிழ்க்கப் போகிறாள் என்றுதான் பயந்தேன். கவிழ்த்தது நானாக இருக்கும் என்று யார் கண்டது!

வீட்டுக்கு வந்ததும் கொட்டித் தீர்த்தேன். கிழக்கேகோட்டையில், கோயிலை ஒட்டிய தெரு எங்களுடையது. எங்கள் தெருவில் யாரும் ஒரு வாக்கியத்தைத் தனியாக முடிப்பதில்லை. இந்த வாசலில் ஒருத்தி ஆரம்பித்தால் அடுத்த வாசலில் ஒருத்தி முடிப்பாள். அதற்குப் பெயர் பிரியம். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாயை மூடிக்கொண்டிருந்தால், ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம். இதையெல்லாம் பரீட்சை வைப்பவனுக்கு யார் சொல்வது?

என் கணவர் நாகேஸ்வரன் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. பேச்சு அவருக்கு மெதுவாகத்தான் வரும்.

"நான் என்ன சொல்ல வரேன்னா, ராஜி, அந்தப் பையன் சொல்றதுல..."

"நியாயமே இல்லைங்கறேள். அதானே?"

அவர் தலையை ஆட்டிவிட்டுக் காப்பியைக் குடித்தார்.

இந்த 'நான் என்ன சொல்ல வரேன்னா'வுக்கு ஒரு கதை உண்டு. அவர் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாடியில் எங்களைப் பத்து நிமிடம் தனியாகப் பேச விட்டார்கள். ஒன்பது நிமிடம் நான் பேசினேன். பத்தாவது நிமிடத்தில் அவர், "நான் என்ன சொல்ல வரேன்னா, இந்தக் கல்யாணம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "தை மாசமே வெச்சுக்கலாம், அதானே?" என்றேன். தலையை ஆட்டினார். தை மாதமே நடந்தது. இருபத்தோரு வருடமாக எல்லாக் கல்யாண வீட்டிலும் இந்தக் கதையை நான் சொல்வேன், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும், அவரும் சிரிப்பார்.

சனிக்கிழமை தோறும் மத்தியானம் நாச்சியார் எங்கள் வீட்டுக்கு வந்து பயிற்சி செய்வதென்று ஏற்பாடு. குளிர்பெட்டியின் கதவு முழுக்கச் சொற்பட்டியல் ஒட்டினேன். மிக்சியில் அரைக்கும்போதும் வாய் உருப்போட்டுக்கொண்டிருக்கும். பெங்களூரில் படிக்கும் மகள் ஜானவி, 'அம்மா, நீ பேச்சுல தோத்தியா? நிஜமாவா?' என்று போனில் செய்தி போட்டு, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகளாக வரிசையாக அனுப்பினாள். கழுதை.

முதல் சனிக்கிழமை மூன்று முறை முயன்றோம். மூன்று முறையும் நாச்சியார் ஐந்து சொல் சொல்வதற்குள் ஆறாவதை நான் சொல்லியிருந்தேன். வேண்டுமென்றே இல்லை. நாக்கு தானாக எழுந்து போய்விடுகிறது.

நாச்சியார் மேஜைமேல் இருந்த உப்பு நெல்லிக்காய் ஜாடியைப் பார்த்தாள். "டீச்சரே, ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீங்களே? நான் பேசும்போ இதுல ஒண்ண வாயில போட்டுக்கிடுங்க. சவைக்கப்பிடாது."

"நான் என்ன பால் குடிக்கற குழந்தையா?"

"குழந்தையா இருந்தா சொன்னாக் கேக்கும்," என்றாள். சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

போட்டுக்கொண்டேன். முதல் நெல்லிக்காயைக் கடித்து, கொட்டையோடு விழுங்கி, அப்படியும் அவள் வாக்கியத்தை முடித்தேன். ஆனால் மூன்றாவது வாரத்தில் ஒரு நெல்லிக்காய் நாற்பது செகண்ட் தாங்கியது. என் கணவர் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்து, உலக சாதனையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காவது வாரம் ஜாடி காலி. அன்றைக்குத்தான் அது நடந்தது. எங்களுக்கு வந்த தலைப்பு போக்குவரத்து. நாச்சியார் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "நான் சிறுமியாக இருந்தபோது, மாலையில் போனக்காட்டுக்குப் போகும் பஸ் வராத நாட்களில், நாங்கள்..."

அவள் நிறுத்தினாள். பாவம், எனக்கு மனசு தாங்கவில்லை. "இருட்டில் மலை ஏறி நடந்தே வீட்டுக்குப் போனீர்கள். மிகவும் கஷ்டப்பட்டீர்கள்," என்று ஆங்கிலத்தில் முடித்துக் கொடுத்தேன். என் குரல் தழுதழுத்ததுகூட.

நாச்சியார் பேனாவை வைத்தாள். முகம் சிவந்துவிட்டது. "இல்ல டீச்சரே. பஸ் வராட்டி விதுரைல எங்க அத்தை வீட்டுல தங்கிருவோம். அத்தைகிட்ட டிவி உண்டு. மீன் பொரிச்சுத் தருவா. பஸ் வரக் கூடாதுன்னு ஸ்டாப்புல கைகூப்பிட்டுல்லா நிப்போம்! நான் சந்தோஷத்தச் சொல்ல வந்தேன். நீங்க என்னைய அழ வச்சுட்டீங்க."

மன்னிப்புக் கேட்டேன். அவள் "சாரமில்ல, பரவாயில்ல டீச்சரே" என்று சிரித்துவிட்டாள். ஆனால் எனக்கு அது சாரமில்லாமல் போகவில்லை. மீன் பொரித்த வாசனையோடு அவள் கொண்டுவந்த ஒரு சாயங்காலத்தை நான் இருட்டில் நடக்க விட்டுவிட்டேன். எடுத்துக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டு பிடுங்கியிருக்கிறேன்.

அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி நடந்தபோது சுரீரென்று ஒன்று உறைத்தது. இருபத்தோரு வருடத்துக்கு முன்னால், மாடியில், அவர் என்ன சொல்ல வந்தார்?

அன்று இரவுச் சாப்பாட்டில் அவர், "நான் என்ன சொல்ல வரேன்னா, திங்கக்கிழமை ஆபீஸ்ல..." என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். ரசம் ஆறியது.

"என்ன, முடிக்க மாட்டியா?"

"நீங்களே முடியுங்கோ."

அவர் திருதிருவென்று விழித்தார். "நீ முடிப்பேன்னு நான் பாதிதான் யோசிச்சு வெச்சிண்டிருந்தேன்," என்றார்.

சிரித்தேன். சிரிப்புக்கு அடியில் பயமாக இருந்தது. கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல வந்த மனுஷனை நான் தை மாதத்துக்குள் தள்ளியிருந்தால்? பாதியில் நின்ற வாக்கியத்தோடு இருபத்தோரு வருடம் தலையை ஆட்டிக்கொண்டு வந்திருந்தால்? கேட்டுவிடலாம். ஆனால் பதில் வருவதற்குள் நானே பதிலையும் சொல்லிவிடுவேன், என்னை எனக்குத் தெரியாதா? அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்தத் தேர்வில் தேறினால் கேட்பது. தேறாவிட்டால் எனக்குக் கேட்கும் யோக்கியதை இல்லை.

அதற்குப் பிறகு நான் எட்டாம் வகுப்புக்காக மட்டும் படிக்கவில்லை.

தேர்வு வழுதக்காட்டில் ஒரு ஓட்டல் ஹாலில் நடந்தது. எழுத்துத் தேர்வெல்லாம் காலையில் முடிந்தது. பிற்பகல் என்னையும் நாச்சியாரையும் ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டார்கள். ஒருவர் கேள்வி கேட்க, இன்னொருவர் மூலையில் உட்கார்ந்து மதிப்பெண் போட. நெல்லிக்காய் உள்ளே கொண்டுபோகக் கூடாது.

புது ஊருக்கு வந்தவர்கள் அங்கே ஒட்டிக்கொள்ள எது அதிகம் உதவும், வேலையா, மொழியா, அக்கம்பக்கமா, இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்றார் கேள்வி கேட்டவர். நான் மொழி என்று ஆரம்பித்து, இரண்டே வாக்கியத்தில் நிறுத்தி, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று நாச்சியாரைக் கேட்டேன்.

"அக்கம்பக்கம்தான்," என்றாள் அவள் ஆங்கிலத்தில். "ஏனென்றால் நாம் பேசுவதை அவர்கள்..."

நின்றுவிட்டாள்.

'புரிந்துகொள்ள வேண்டும்' என்று என் நாக்கு நுனிக்கு வந்தது. 'பொறுத்துக்கொள்ள வேண்டும்' அதன் பின்னாலேயே வந்தது. மூலையில் இருந்தவர் பேனாவை எடுத்தார். ஐயோ, இவள் வாயைத் திறக்காவிட்டால் இரண்டு பேரும் அம்பேல். நாச்சியார் என்னைப் பார்த்தாள். சொல்லு, சொல்லிவிடு என்று கெஞ்சும் பார்வையில்லை அது. வருகிறேன், இரு என்கிற பார்வை. இல்லாத நெல்லிக்காயை நான் வலது கன்னத்தில் அதக்கிக்கொண்டேன்.

"...கேலி செய்ய வேண்டும்," என்றாள்.

"என்ன?" என்றேன். பரீட்சைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டேன்.

"முதலில் மரியாதையாகத்தான் பேசுவார்கள். அப்போது நாம் விருந்தாளி. என்றைக்கு நம் பேச்சைக் கேட்டுச் சிரித்து, அதேபோல் பேசிக் காட்டுகிறார்களோ, அன்றைக்குத்தான் நாம் அந்தத் தெருவைச் சேர்ந்தவர்."

"எல்லாக் கேலியும் அப்படியா? வலிக்கிற கேலி இல்லையா?" என்று நான் மறுத்தேன். அவள் பதில் சொன்னாள். நான் கேட்டேன், அவளும் கேட்டாள். நேரம் முடிந்தது, நன்றி என்று அவர் இரண்டு முறை சொன்ன பிறகுதான் எங்கள் காதில் விழுந்தது. வெளியே வந்து இருவரும் ஆளுக்கு ஒரு சர்பத் குடித்தோம், அப்போதும் அதே சண்டைதான்.

முடிவு ஒரு புதன்கிழமை வந்தது. இருவரும் தேறிவிட்டோம். அனீஷ் போனில், "மேடத்துக்கு எல்லாத்தையும்விடக் கூடுதல் மார்க் பேச்சுலதான், கேட்டோ!" என்று கத்தினான். நாச்சியார் ஆசிரியர் அறையில் என்னைக் கட்டிக்கொண்டாள். என் வாண்டுகள் எனக்கே என்று ஆயிற்று. சந்தோஷத்தில் அன்று யாரையும் திருத்தாமல் வகுப்பை முடித்தேன்.

சாயங்காலம் அவர் வந்து காப்பி குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு எதிரே உட்கார்ந்தேன்.

"ஏன்னா, அன்னிக்கு மாடியில 'இந்தக் கல்யாணம்'னு ஆரம்பிச்சேளே. என்ன சொல்ல வந்தேள்?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்கோ." புது ஜாடியிலிருந்து ஒரு நெல்லிக்காயை வாயில் போட்டுக்கொண்டேன்.

அவர் செய்தித்தாளை மடித்தார். "நான் என்ன சொல்ல வரேன்னா..." என்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தக் கல்யாணம்... நமக்குச் சரிப்படாதுன்னு சொல்லத்தான் வந்தேன்."

நெல்லிக்காய் தொண்டைக்குள் போகப் பார்த்தது. அடப்பாவி மனுஷா! ஐந்து வாக்கியம் தயாராக வந்து நின்றது, அதில் மூன்று ஆங்கிலத்தில். ஆனால் அவர் வாய் இன்னும் மூடவில்லை. அவர் முடிக்கவில்லை. நான் நெல்லிக்காயைப் பற்களால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சமையலறையில் குக்கர் ஒரு விசில் விட்டது.

"பொண்ணு நிறையப் பேசுவான்னு சொல்லியிருந்தா. நேக்குப் பேச்சே வராது. நான் ஒண்ணை ஆரம்பிச்சா, முடிக்கறதுக்குள்ள எல்லாரும் வாட்சைப் பாப்பா. எழுந்து போயிடுவா. எங்காத்துலயே அப்படித்தான். நீயும் போயிடுவேன்னு நெனச்சேன்." மறுபடி நிறுத்தினார். குக்கர் இரண்டாவது விசிலும் விட்டது. "நீ போகலை. உக்காந்து முடிச்சுக் குடுத்தே. தப்பாத்தான் முடிச்சே, ராஜி. ஆனா நான் சொல்ல வந்ததைவிட அது நன்னா இருந்துது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உப்பு ஜாஸ்தி என்று நெல்லிக்காயின் மேல் பழியைப் போட்டேன். அவர் நம்பவில்லை, சிரித்தார். கல்யாண வீடுகளில் சிரிக்கிற அதே சிரிப்பு. இத்தனை வருடமும் அவர் எதற்குச் சிரித்தார் என்று இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு," என்றார் அவர். "நான் என்ன சொல்ல வரேன்னா, இந்த இருபத்தோரு வருஷத்துல நீ..."

நிறுத்தினார். காத்திருந்தேன். மூன்றாவது விசில் வந்தது. போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன்.

"நீயே முடிச்சுடேன், ராஜி. நேக்கு மூச்சு முட்டறது."

"மாட்டேன். சொல்லுங்கோ," என்று இன்னொரு நெல்லிக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.