அண்ணனின் ஸ்பீக்கரும் எலியின் அறையும்

அண்ணன் வாங்கி வந்த ஸ்பீக்கர்கள் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. வாயைத் திறந்தால்தான் வம்பு. பாடகி 'ச' என்றால் சூடான கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்றது. டிரம்ஸின் தட்டு அதிரும்போதெல்லாம் யாரோ கரண்டிக் கூடையைக் கவிழ்த்தது போலிருந்தது. அப்பா இரண்டு பாட்டு கேட்டார்.

"நல்லா இருக்குப்பா. தலைவலி மாத்திரை கூடவே குடுத்தாங்களா, தனியா வாங்கணுமா?"

அண்ணன் முகம் சுருங்கிப்போனது. மாதக்கணக்கில் படித்து, விசாரித்து, கடை கடையாக ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தவன் அவன்.

"ஸ்பீக்கர்ல குறையே இல்லப்பா. ரூம்தான் சரியில்ல."

அவன் சொன்னது உண்மைதான். வினையே அங்கேதான் தொடங்கியது.

மறுநாள் தங்கை வேலையிலிருந்து திரும்பியபோது அவள் அறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. அவள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். பேச்சு குறைவு, நடந்தால் சத்தம் வராது. அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் எலி. உள்ளே, அவள் கட்டிலில் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்பீக்கர்கள் பாடிக்கொண்டிருந்தன. சீறலே இல்லை. பாடகி எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடுவது போல அத்தனை இதம்.

"எலி, ஞாயித்துக்கிழமை நாம ரூம் மாத்திக்கிறோம்" என்றான் அண்ணன்.

அவள் ஜன்னலுக்கு வெளியே ஒரு மரமும் அதற்கு மேலே நிறைய வானமும் இருந்தன. அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவரும் ஒரு கழிவுநீர்க் குழாயும்.

"எதுக்கு?"

"இங்க சத்தம் சரியா விழுது. எல்லாம் ரூமோட அளவுதான்."

"ரெண்டும் ஒரே அளவுதானேண்ணா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"குடுத்துட்டுப் போயேன்டி" என்றாள் அம்மா. "நீ என்ன பாட்டா கேக்குற? நாற்காலியில துணிய மலையாக் குவிச்சு வைக்கத்தானே உனக்கு ரூம்? அவன் ரூமப் போய்ப் பாரு. கண்ணாடி மாதிரி வெச்சிருக்கான்."

எலி போய்ப் பார்த்தாள். வழவழத் தரை. வெறும் சுவர். ஜன்னலுக்குத் திரை கிடையாது, தூசு பிடிக்குமாம். நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினாள். 'டங்' என்று சுவருக்குச் சுவர் அடித்துத் திரும்பியது. தன் அறைக்கு வந்து கைதட்டினாள். சத்தம் துணிக்குள்ளும் புத்தகத்துக்குள்ளும் புகுந்து காணாமல் போனது.

"என்னடி, தனியா கைதட்டிக்கிட்டு அலையுற?"

"ஒண்ணுமில்லம்மா. ரூம் மாத்திக்கலாம். எனக்குச் சம்மதம்."

இவ்வளவு சுலபமாக அவள் மடங்கியதில் அம்மாவுக்கே லேசாகச் சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை எலி தன் உடைமைகளை ஒன்று விடாமல் அள்ளினாள். மெத்தை, புத்தக அலமாரி, துணி மலை, கால்விரிப்பு. கடைசியாகத் திரைச்சீலையில் கைவைத்தாள்.

"அது அங்கயே இருக்கட்டும்டி."

"துவைக்கணும்மா. ரொம்ப அழுக்கு."

தானாக முன்வந்து அவள் எதையும் துவைத்ததாகச் சரித்திரம் இல்லை. அம்மா பூரித்துப்போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனோ, "எல்லாத்தையும் தூக்கிட்டுப் போ, எனக்கு இடம் சுத்தமா இருந்தா போதும்" என்றான். எலிக்கு ஒரு பயம் இருந்தது. தன் கணக்கு தப்பினால் மிச்ச நாளெல்லாம் குழாயைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டான். 'ஸ்ஸ்ஸ்!'

நாற்காலியை முன்னே நகர்த்தினான், பின்னே நகர்த்தினான். ஒயரைக் கழற்றி மாட்டினான். சீறல் கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் சந்தேகத்தோடு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு தங்கையின் புது அறைக்கு வந்து போட்டுப் பார்த்தான். அங்கே தேனாகக் கேட்டது.

"அடச்சே! என் ரூம்தான்டி நல்ல ரூம். திரும்ப மாத்திக்கலாம்."

"மறுபடியுமா? இடுப்பு ஒடிஞ்சிடும்ணா" என்று எலி சுருண்டு படுத்துக்கொண்டாள்.

"நீ ஒரு துரும்பையும் தூக்க வேணாம். நானே தூக்குறேன்."

தூக்கினான். அலமாரியோடு, மெத்தையோடு, துணி மலையோடு. எலி மரம் தெரியும் ஜன்னலில் சாய்ந்துகொண்டு, "அந்தப் பக்கம்ணா, கொஞ்சம் இடது" என்று வழிகாட்டினாள். அவன் தன் அறைக்குப் போய்ப் பாட்டைப் போட்டான். 'ஸ்ஸ்ஸ்!'

பிறகு காலடி ஓசை. வியர்த்த முகத்தோடு வந்து நின்ற அண்ணன் மறுபடியும் அவள் அறையை ஏற இறங்கப் பார்த்தான். இனி விளையாடினால் ஆபத்து என்று எலிக்குப் புரிந்தது.

"வித்தியாசம் ரூம்ல இல்லண்ணா, சாமான்லதான். நீ வெச்சிருக்கிறது வெறும் சுவரு. கீச்சுச் சத்தமெல்லாம் அதுல முட்டித் திரும்புது. என் குப்பை அத முழுங்கிடுது."

"ஏய், அப்ப இதெல்லாம் தெரிஞ்சேதான்..."

"கத்தாதண்ணா. சரி பண்ணித் தரேன். இனிமே நீ என் ரூம் வாசலைத் தாண்டக்கூடாது. யாரு கேட்டாலும் நீயே கண்டுபிடிச்சதாச் சொல்லிக்கோ. பேரு உனக்கு, ரூம் எனக்கு."

அண்ணனுக்குப் பேர் என்றால் உயிர். தலையாட்டிவிட்டான்.

அவள் அவன் சுவரில் கனத்த போர்வை ஒன்றை மாட்டினாள். தரையில் பழைய விரிப்பு, பக்கவாட்டில் உபரிப் புத்தகங்கள். இரண்டு ஸ்பீக்கரும் அவன் காதையே குறிபார்த்து நின்றன. கொஞ்சம் வெளிப்புறமாகத் திருப்பி வைத்தாள். பாடகி சீறுவதை நிறுத்தினாள்.

அடுத்த வாரம் அண்ணனின் நண்பர்கள் வந்தார்கள். சுவருக்கு இப்பாலிருந்து எலி எல்லாவற்றையும் கேட்டாள். ஒலி எப்படிப் போகும், எங்கே திரும்பும் என்று அவன் அளந்துகொண்டிருந்தான். அவள் சொன்னதில் பாதி, அவனாகச் சேர்த்தது மீதி.

"மச்சான், எங்க வீட்டுலயும் இதே தொல்லைதான்டா" என்றது ஒரு குரல். "இப்பவே கிளம்பு. வந்து சரி பண்ணிக் குடு."

பாட்டு நின்றது. சற்றுப் பொறுத்து எலியின் கதவு மெல்லத் தட்டப்பட்டது. திறந்தாள். அண்ணன் வாசற்படிக்கு வெளியே, கால் கட்டைவிரல்கூட உள்ளே படாமல், கைகட்டி நின்றிருந்தான்.

"எலி, செருப்பு போட்டுக்கிட்டு வர்றியா? சும்மா... துணைக்கு."