கடைவாய்ப் பல்லில் இருந்த சங்கு

ராயபுரம் சவரிநாதன் வாயைத் திறந்தால் அபாயச் சங்கு ஊதும். யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய், ரேஷன் அரிசியில் கல் மட்டும் குறையாமல் இருந்த காலத்திலும் அது ஊதியது. வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லிலிருந்துதான் சத்தம் வருகிறது என்பதை அவன் மனைவி ஹில்டா அவன் கன்னத்தில் காதை வைத்துக் கண்டுபிடித்தாள். பற்களுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டால் முனகல் தொடங்கும். இரண்டு விரல் என்றால் தண்டையார்பேட்டை வரை கேட்கும்.

யுத்தகாலத்தில் தெருக்கோடிக் கிடங்கின் மாடியில் கையால் சுற்றும் சங்கு ஒன்று இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய சவரிநாதனுக்கு அதைச் சுற்றும் வேலையும் கிடைத்தது. ஏற்றி இறக்கி ஊதினால் அபாயம், ஒரே குரலில் நீட்டி ஊதினால் அபாயம் நீங்கிவிட்டது என்று அர்த்தம். மாதா கோயில் மைதானத்தில் பதுங்குகுழி வெட்டியிருந்தார்கள். ஆறு வயது மகள் தங்கபுஷ்பத்தை அவனே கூட்டிப்போய்ப் பழக்கினான். சங்கு கேட்டால் அம்மாவைத் தேடாதே, அப்பாவைத் தேடாதே, ஓடிப்போய்க் குழியில் குதி என்றான். அவள் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. நாற்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில், எண்ணூரில் காவலிருந்த யாரோ ஒருவர், பழவேற்காட்டுப் பக்கமிருந்து வரிசைகட்டி வந்த கூழைக்கடாப் பறவைகளை விமானங்கள் என்று நினைத்து டெலிபோன் செய்துவிட்டார். சவரிநாதன் சுற்றினான். மூன்று நாள் மழையில் குழி நிரம்பிக் கிடந்தது. தங்கபுஷ்பம் ஓடிப்போய்க் குதித்தாள். சேதி மாடிக்கு வந்ததும் அவன் கைப்பிடியை விட்டுவிட்டு இறங்கி ஓடினான். அபாயம் நீங்கிய சங்கை அன்றைக்கு யாரும் ஊதவில்லை.

கல்லறையில் பெட்டியை இறக்கும்போது அவன் அழுவதற்காக வாயைத் திறந்தான். சங்கு ஊதியது. சாமியார் உட்பட வந்திருந்த அத்தனை பேரும் சமாதிகளுக்கு நடுவே குப்புறப் படுத்துக்கொண்டார்கள், அவனும் ஹில்டாவும் மட்டும் நின்றார்கள். அடுத்த வாரம் துறைமுகத்தில் ஒரு கொட்டாவி விட்டான். நானூறு கூலிகள் மூட்டையைப் போட்டுவிட்டு ஓட, அவனுக்கு வேலை போயிற்று. அன்றைக்கு மூடிய வாயை எட்டு வருஷம் திறக்கவில்லை. கஞ்சியைப் பப்பாளிக் காம்பு வைத்து உறிஞ்சினான். காலையில் ஹில்டா உள்ளங்கையில் அடுப்புக்கரித் தூளோடு வந்து நிற்பாள், அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். உயிரோடு இருப்பதே பாரம் என்று நினைப்பவன் பல்லையா விளக்குவான்? பற்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. பூசையில் அவனைச் சுற்றி மூன்று வரிசை காலியாகக் கிடந்தது. எதிர்வீட்டு வியாகுலம்மாள் அவனுக்குப் பைத்தியம் என்று பெயர் வைத்தாள், அந்தப் பெயரே நிலைத்தது. வாடை ஹில்டாவுக்குப் பழகிவிட்டது. பழகாதது அவன் மௌனம்தான். மகள் பெயரை அவன் வாயால் ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு. அந்த வீட்டில் அந்தப் பெயரைத் தனியாகச் சொல்லிச் சொல்லி அவள் ஓய்ந்துபோயிருந்தாள்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் கார்த்திகையில் அவன் கன்னம் வீங்கிக் கண்ணை மூடியது. காய்ச்சலும் வந்தது. ஹில்டா அவனைப் பல் பார்க்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வாயைத் திறக்காதவனுக்குக் கோளாறு மனசில்தான், அங்கே கொண்டு போ என்றார்கள். மனசு பார்க்கிற ஆஸ்பத்திரியில், முதலில் அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வா, பிறகு பார்க்கலாம் என்றார்கள். இரண்டுக்கும் நடுவே அவள் மூன்று முறை நடந்தாள். மனுஷனைத் தாடையில் கோடு போட்டுப் பங்கு பிரித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

மார்க்கெட்டில் ஹில்டா கருவாடு விற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஷாகுல் ஹமீது பாய் பல் பிடுங்குவார். பிடுங்கிய பற்களைச் சாக்கில் பரப்பி வைத்திருப்பார், அதுதான் அவருக்கு விளம்பரப் பலகை. ஹில்டா கூப்பிட, அவர் வீட்டுக்கு வந்து சவரிநாதன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"விசம் தலைக்கு ஏறிக்கினு கீது மா. ஒரே இழுப்புல எட்த்துடுவேன். வாயத் தொறக்கச் சொல்லு."

"தொறயா," என்றாள் ஹில்டா. "சங்கு ஊதுனா ஊதட்டும். நாலு பேரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போறானுங்க. செத்துப் பூடுவயா!"

சவரிநாதன் தலையை ஆட்டினான். பிறகு ஒரு குழந்தை உயரத்துக்குக் கையைத் தாழ்த்திக் காட்டினான். மைதானத்தின் பக்கம் விரலை நீட்டினான். இரண்டு விரல்களால் ஓடிக் காட்டி, தரையில் குதித்துக் காட்டினான்.

ஹில்டா உட்கார்ந்துவிட்டாள். பைத்தியத்தால் மூடிய வாய் என்று ஊர் நினைத்திருந்தது, வெட்கத்தால் மூடிய வாய் என்று அவள் நினைத்திருந்தாள். சங்கு கேட்டுத் தெருப்பிள்ளைகள் குழியில் குதித்துவிடக் கூடாது என்று எட்டு வருஷம் அவன் காவல் காத்திருக்கிறான்.

"குழிய மூடி ஆறு வருசம் ஆவுதுயா. அங்க புள்ளைங்க பந்து ஆடிக்கினு கீதுங்க," என்றாள். அவன் நம்பவில்லை.

அவள் வீடு வீடாகப் போனாள். "ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் உன் புள்ள கையக் கெட்டியாப் புடிச்சிக்கினு மைதானத்துல வந்து நில்லு. வேற ஒன்னியும் வாணாம்." வியாகுலம்மாளிடம் சொன்னபோது அவள் தலை நிமிராமல் அரிசியில் கல் பொறுக்கினாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்து நின்றவள் அவள்தான், இரண்டு கையிலும் இரண்டு பிள்ளை. ஹில்டாவிடம் கருவாடு வாங்கும் காத்தூன் பீவி பேரனைப் பிடித்துக்கொண்டு வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்தாள். மொத்தம் எழுபத்திரண்டு பிள்ளைகள். சவரிநாதன் காய்ச்சலோடு வரிசையில் நடந்து ஒவ்வொரு பிடியையும் இழுத்துப் பார்த்தான். பிடிப்பதற்குப் பிள்ளை இல்லாத ஹில்டா தன் இடக்கையை வலக்கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அதையும் அவன் இழுத்துப் பார்த்தான். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து வாயைத் திறந்தான்.

எட்டு வருஷத்துச் சங்கு ஏறி இறங்கி ஊதியது. திருவொற்றியூரில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஜனங்கள் இறங்கினார்கள். பிள்ளைகள் அலறித் திமிறினார்கள், தாய்மார்கள் விடவில்லை. ஒருவரும் ஓடவில்லை, ஒருவரும் குதிக்கவில்லை. காதில் பஞ்சை அடைத்திருந்த பாய் இடுக்கியை உள்ளே விட்டு இழுத்தார். புளியங்கொட்டை போலக் கறுப்பாகப் பல் வந்தது. அப்போது சங்கு ஏற்ற இறக்கத்தை விட்டு ஒரே குரலில் நீண்டு ஊதியது. அபாயம் நீங்கிய சங்கு. அது தானாக ஓய்ந்தபோது ஊரே மூச்சு விட்டது.

குழி இருந்த இடத்திலிருந்து ஈரக் காலடிகள் வந்தன. காய்ந்த மண்ணில் ஆறு வயசுக் கால், ஒன்றன்பின் ஒன்றாகப் பதிந்து வந்து ஸ்டூலுக்கு முன்னால் நின்றது. தாய்மார்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"தொவட்டி வுடு ஹில்டா," என்றான் சவரிநாதன், ரத்தம் வழியும் வாயோடு. "தல ஈரமா கீது, சளி புடிச்சிக்கும். புஷ்பம், அப்டியே நில்லு மா."

ஹில்டா பாயின் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பு உயரத்தில் துவட்டினாள். துண்டு நனைந்து கனத்தது.

பாய் சொன்ன விஷம் ஏற்கெனவே தலைக்கு ஏறிவிட்டிருந்தது. சவரிநாதன் ஒன்பது நாள்தான் இருந்தான். அந்த ஒன்பது நாளும் மகளைப் பற்றியே பேசினான், ஹில்டா கடைக்குப் போகாமல் பக்கத்திலிருந்து கேட்டாள். பத்தாம் நாள் மகளுக்குப் பக்கத்தில் அவனைப் புதைத்தார்கள். அதன்பின் இருபது வருஷம் அவள் கருவாடு விற்றாள். சாயங்காலம் வாசற்கதவில் ஒரு துண்டைத் தொங்கவிடுவாள், விடிந்தால் அது நனைந்திருக்கும், பிழிந்து காயப்போடுவாள். ஐப்பசி மழையில் ஒரு துண்டு சீக்கிரம் காய்வதில்லை என்பதால் மார்க்கெட்டில் ஜாபர் துணிக்கடையில் இன்னொன்றும் வாங்கி வைத்துக்கொண்டாள்.